லுக்மானைக் கொன்றால் தகராறு, பாவ்லோஸைக் கொன்றால் பாசிசமா?

2013 ஜனவரி 17. ஏதென்ஸ் நகரத்தில் பெட்ராலோனா என்கிற பகுதி. இன்னும் விடியவில்லை. ஷாசாத் லுக்மான், வயது 27, பாகிஸ்தானிலிருந்து பிழைக்க வந்தவர், சைக்கிளை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறான்கள். கத்தியை எடுத்துக் குத்துகிறான்கள். வண்டியேறிப் போய்விடுகிறான்கள். லுக்மானின் உயிர் தெருவிலேயே போகிறது.

பிடிபட்டதும் அவன்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா தோழர்களே? சைக்கிள் வழியை மறித்ததாம். வாய்த்தகராறு முற்றிவிட்டதாம். ஒருவன் வீட்டைச் சோதனை போட்டபோது 'பொன் விடியல்' கட்சியின் துண்டறிக்கைகள் கட்டாகக் கிடைத்தன. ஆயுதங்களும் கிடைத்தன. சைக்கிள் தகராறுக்குப் போனவன் வீட்டில் நாஜிக் கட்சிக்கு என்னய்யா வேலை?

அதே வருஷம் செப்டம்பர் 18. துறைமுகப் பக்கம் கெராட்சினி என்கிற தொழிலாளர் பகுதி. பாவ்லோஸ் ஃபிஸ்ஸாஸ், வயது 34, கிரேக்கர், வெள்ளையர், பாசிசத்துக்கு எதிராகப் பாடிய ராப் பாடகர், கப்பல் பட்டறையில் வேலை பார்த்த உலோகத் தொழிலாளி. நடுராத்திரிக்குச் சற்றுப் பின்னால் பொன் விடியல் கும்பல் அவரைச் சூழ்ந்துகொள்கிறது. ஒருவன் காரில் வந்து இறங்கி நெஞ்சில் குத்துகிறான். போலீஸ் அங்கேயே நின்றது. கும்பலை அது கலைக்கவில்லை. உயிர் போவதற்குள் பாவ்லோஸ் தன்னைக் குத்தினவனை அடையாளம் காட்டிவிட்டார்.

இப்போதுதான் வேடிக்கை. மறுநாள் கிரேக்க அமைச்சர் ஒரு கட்டுக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டுபோய் உச்சநீதிமன்ற அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கிறார். பொன் விடியல்காரர்கள் சம்பந்தப்பட்ட 32 சம்பவங்கள் அதில் இருந்தன. பத்து நாளில், செப்டம்பர் 28 அன்று, கட்சித் தலைவன் நிகோஸ் மிகாலோலியாகோஸும் அவனுடைய எம்.பி.க்களும் கைதாகிறார்கள்.

ஒரே ராத்திரியிலா 32 சம்பவங்கள் நடந்தன? அந்தத் தாள்கள் எல்லாம் எங்கே தூங்கிக்கொண்டிருந்தன? நாம் கேட்பது இந்த ஒரு கேள்விதான். கோப்பில் தூசி தட்டுவதற்கு ஒரு வெள்ளைத்தோல் பிணம் தேவைப்பட்டது. கறுத்த தோல் பிணங்கள் போதவில்லை.

பாவ்லோஸைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் நம்ம ஆள். உழைத்துச் சாப்பிட்டவர், பாடினவர், அஞ்சாமல் நின்றவர். அவரைக் கொன்றவர்கள்மேல் வருகிற கோபத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் சாவுக்கு 'பாசிசம்' என்று பெயர் வைத்த கை, லுக்மான் சாவுக்கு 'சம்பவம்' என்று எழுதியதே, அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 'இரு தரப்பினரிடையே மோதல்' என்கிற தலைப்பைப் பத்திரிகையில் படித்துப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். எரிந்தது ஒரு தரப்பின் குடிசை மட்டும்தான் என்றாலும் தலைப்பில் தரப்பு இரண்டாகத்தான் இருக்கும். அதனால் ஏதென்ஸ் கதையைப் படிக்க நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

தெரியாது என்று சொல்லமுடியுமா?

'எங்களுக்குத் தெரியாமல் போச்சு' என்று கிரேக்க நாட்டுப் பெரிய மனிதர்கள் சொல்லித் தப்பிக்க முடியாது. ஏனென்றால் எழுதிவைத்த ஒருவர் இருந்தார். டிமித்ரிஸ் ப்சாரஸ் என்று பெயர். 'எலெஃப்தெரோதிபியா' என்கிற நாளிதழில் 1990 முதல் சில பத்திரிகையாளர்கள் சேர்ந்து ஒரு பகுதி நடத்தினார்கள். அதன் பெயர் 'யோஸ்', அதாவது வைரஸ். ப்சாரஸ் அதில் ஒருவர். அவர் செய்தது பெரிய மந்திர வேலை ஒன்றுமில்லை. நாஜிகள் தாங்களே அச்சடித்ததை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அவ்வளவுதான்.

பொன் விடியல் முதலில் கட்சி இல்லை, பத்திரிகை. 1980 டிசம்பரில் வெளிவந்தது. அப்போதே அதன் பக்கங்களில் இட்லரின் கொள்கைக்குத் தோத்திரம் பாடியிருக்கிறார்கள். கட்சியாகப் பதிவானது 1993இல். 1998இல் ஏதென்ஸ் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு இடதுசாரி மாணவரை மண்டையைப் பிளந்து சாகக் கிடத்தினார்கள். அதற்குத் தலைமை தாங்கிய இரண்டாம் நிலைத் தலைவன் ஏழு வருஷம் போலீஸ் கையில் சிக்கவில்லை. 2005இல் அவனாக வந்து சரணடைந்தான். ஏழு வருஷம்! ஒரு ரொட்டித் திருடனை ஏழு வருஷம் தேடுமா எந்த ஊர்ப் போலீசாவது?

இதையெல்லாம் தொகுத்து ப்சாரஸ் 2012இல் 'பொன் விடியலின் கறுப்புப் புத்தகம்' என்று வெளியிட்டார். அதாவது லுக்மான் சாவதற்கு முன்னால். பாவ்லோஸ் சாவதற்கு முன்னால். புத்தகம் கடையில் இருந்தது. படித்தவர்கள் இருந்தார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

மற்றப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன? வயதான கிழவிகளுக்குப் பொன் விடியல் பையன்கள் வங்கி வரைக்கும் துணை போகிறார்கள் என்று உருகிக்கொண்டிருந்தன. ஏழைகளுக்குச் சோறு போடுகிறார்கள் என்று படம் போட்டன. என்ன சோறு? அடையாள அட்டையைக் காட்டி 'நான் கிரேக்கன்' என்று நிரூபித்தால் கிடைக்கிற சோறு. ரத்ததானமும் செய்தார்கள். கிரேக்கருக்கு மட்டுமாம் அந்த ரத்தம். ரத்தத்தில் சுத்தம் பார்ப்பவனை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவன் எந்த மொழி பேசினாலும் நாற்றத்திலேயே தெரிந்துவிடும்.

பசி வந்ததால் பாசிசம் வந்ததா?

இதற்கு முற்போக்குக் கூடாரத்திலேயே ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். 'பொருளாதார நெருக்கடி தோழர். சம்பளம் வெட்டினாங்க, பென்சன் வெட்டினாங்க, வேலை போச்சு. ஜனங்க கோபத்துல அவன்களுக்கு ஓட்டுப் போட்டுட்டாங்க.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2009 தேர்தலில் பொன் விடியல் வாங்கியது 0.29 சதவீதம். 2012 மே மாதம் 6.97 சதவீதம், 21 எம்.பி.க்கள். நெருக்கடி அவர்களுக்கு ஓட்டைக் கொடுத்தது என்பது நிஜம். கத்தியைக் கொடுத்தது நெருக்கடி இல்லை. கத்தி 1980களிலிருந்தே தீட்டிவைத்திருந்தது.

பசிதான் மனுஷனைக் கொலைகாரன் ஆக்கும் என்றால் ஏதென்ஸில் முதலில் கத்தி தூக்கியிருக்க வேண்டியவர் லுக்மான். அவரைவிடப் பசித்தவன் அந்தத் தெருவில் எவன்? 2013 ஏப்ரலில் மனோலாடா என்கிற ஊரில் ஸ்ட்ராபெரி பறித்த வங்கதேசத் தொழிலாளர்கள், மாதக்கணக்கில் பாக்கியிருந்த கூலியைக் கேட்டார்கள். மேஸ்திரிகள் துப்பாக்கியால் சுட்டார்கள். ஏறக்குறைய 30 பேருக்குக் காயம். பசித்தவர்கள் கேட்டது கூலி. துப்பாக்கி இருந்தது வயிறு நிறைந்தவன் கையில். 2014இல் உள்ளூர் நீதிமன்றம் தோட்ட முதலாளியை விடுதலை செய்தது. 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான், இது கட்டாய உழைப்பு, கிரேக்க அரசு இவர்களைக் காக்கத் தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் 42 தொழிலாளர்கள். கையில் காகிதம் இல்லாதவர்கள் ஒரு அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்றினார்கள்.

ஆக, பாசிசம் திடீரென்று முளைத்த காளான் இல்லை. பாத்தி கட்டி நீர் பாய்ச்சியிருக்கிறார்கள். ஏதென்ஸில் அயியோஸ் பன்டெலேய்மோனாஸ் என்று ஒரு சதுக்கம். அங்கே குழந்தைகள் விளையாடும் இடம் ஒன்று. 2009இல் 'கொதித்தெழுந்த குடியிருப்பாளர்கள்' என்ற பெயரில் சிலர் அதன் கதவைப் பூட்டிவிட்டார்கள். வந்தேறிகளின் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடக்கூடாதாம். ஊஞ்சல் பலகையில் தீட்டு ஒட்டிக்கொள்ளுமாம். நகராட்சி பார்த்துக்கொண்டிருந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் அதே ஏதென்ஸ் நகர மன்றத்துக்கு மிகாலோலியாகோஸ் தேர்ந்தெடுக்கப்பட்டான். ஊஞ்சலைப் பூட்டியபோதே கேட்டிருந்தால் கத்தி வரைக்கும் வந்திருக்குமா?

அரசு மட்டும் யோக்கியமா? 2012 ஆகஸ்டில் போலீஸ் ஒரு வேட்டையைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் 'செனியோஸ் ஸீயஸ்'. விருந்தாளிகளைக் காக்கிற கடவுளின் பெயர்! 2013 பிப்ரவரிக்குள் ஏறக்குறைய 85,000 அயல்நாட்டவரைத் தெருவிலிருந்து காவல்நிலையத்துக்கு இழுத்துப்போனார்கள். அதில் சட்டவிரோதமாக இருந்தவர்கள் என்று கண்டது 6 சதவீதம்தான். மீதி 94 பேர் செய்த குற்றம் தோலின் நிறம். பகலில் போலீஸ் தோலைப் பார்த்துப் பிடித்தது. ராத்திரியில் நாஜி தோலைப் பார்த்துக் குத்தினான். இரண்டு பேரும் ஒரே ஷிப்ட் முறையில் வேலை பார்த்த மாதிரிதான்.

அடிபட்டவர் புகார் கொடுக்கப் போனால்? 100 யூரோ கட்டணம் கேட்டார்கள். 'உன் காகிதம் எங்கே' என்றார்கள். காகிதம் இல்லையென்றால் குத்தினவனுக்குப் பதில் குத்துப்பட்டவரை உள்ளே வைத்தார்கள். அப்படி இருந்தும் 2012ஆம் ஆண்டில் மட்டும் 154 இனவெறித் தாக்குதல்களை, அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பும் கிரேக்க மனித உரிமை ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய பதிவு வலையம் எழுதிவைத்தது. பயத்தை மீறி வாய் திறந்தவர்களின் கணக்கு மட்டும் இது.

இந்த நேரத்தில்தான் ஆட்சியாளர்கள் 'இரண்டு தீவிரவாதம்' என்று ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வலதிலும் தீவிரவாதிகள், இடதிலும் தீவிரவாதிகள், நாங்கள் நடுவில் நல்லவர்கள். நடுநிலை என்றால் என்ன தோழர்? கத்திக்கும் கழுத்துக்கும் நடுவில் நிற்பதா? நடுவில் நின்றிருந்தால் பரவாயில்லை, ஒரு குத்தாவது இவர்கள்மேல் விழுந்திருக்கும். இவர்கள் நின்றது தள்ளி.

சாட்சி சொல்ல வந்தவர்கள்

இதுவரைக்கும் சொன்னது அடித்தவன் கதை. பத்திரிகைக்காரர்களுக்கு அடித்தவன் கதைதான் பிடிக்கும். அவன் பச்சை குத்தியிருப்பது, அவன் கொடி, அவன் தீப்பந்த ஊர்வலம், எல்லாம் படத்துக்கு நன்றாக இருக்கும். அடிபட்டவர்கள் அழுகிற முகமாக மட்டும் அரைப்பக்கம் வருவார்கள். அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பது செய்தியில் வராது.

ஆனால் எழுந்து நின்றார்கள். லுக்மான் கொலைக்கு இரண்டு நாள் கழித்து, ஜனவரி 19 அன்று, ஏதென்ஸ் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். பாகிஸ்தானியர், வங்காளிகள், ஆப்பிரிக்கர், கிரேக்கத் தோழர்கள். காகிதம் இல்லாதவர், போலீஸ் பிடித்தால் நாடு கடத்தப்படக்கூடியவர், அவரும் தெருவில் நின்று கத்தினார். அந்தத் துணிச்சலை அளக்க எந்தப் பத்திரிகையிடம் முழக்கோல் இருக்கிறது? குத்தின இரண்டு பேருக்கும் 2014 ஏப்ரலில் ஆயுள் தண்டனை கிடைத்தது. சைக்கிள் கதை செல்லவில்லை.

பெராமாவில் 2012 ஜூன் 12. கடலுக்குப் போகிற எகிப்திய மீனவர்கள் தூங்கிக்கொண்டிருந்த வீட்டை ராத்திரியில் கும்பல் தாக்கியது. வெக்கைக்கு மொட்டை மாடியில் படுத்திருந்தவரின் தாடையை உடைத்தார்கள். அந்த மீனவர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. வழக்குப் போட்டார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்து நீதிமன்றத்தில் ஏறி, இதோ இவன்கள்தான் என்றார்கள். அதே பெராமாவில் 2013 செப்டம்பர் 12 அன்று, பாவ்லோஸ் கொலைக்கு ஆறு நாள் முன்பு, சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத்தாரைக் கும்பல் தாக்கியது. கப்பல் பட்டறையில் முதலாளிகளுக்குத் தோதான சங்கம் அமைக்கப் பார்த்த கட்சி அது. இனவெறிக்கும் கூலிவெட்டுக்கும் உள்ள உறவு இப்போது புரிகிறதா? வந்தேறியை அடித்தவன் அடுத்தபடியாகச் சங்கத்துக்காரனை அடிக்கத்தான் செய்வான். முதல் அடி விழும்போது 'அது அவங்க பிரச்சனை' என்று இருந்தவன் முதுகுக்கு இரண்டாவது அடி வரும்.

2015 ஏப்ரல் 20 அன்று விசாரணை தொடங்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட எதிரிகள். ஐந்தரை வருஷம். 450க்கும் மேற்பட்ட அமர்வுகள். தொலைக்காட்சிகளுக்கு ஒரு வாரத்தில் சலித்துப்போனது. சலிக்காதவர்கள் மூன்று வகை. ஒன்று, பாவ்லோஸின் தாய் மாக்தா ஃபிஸ்ஸா. கிட்டத்தட்ட ஒவ்வொரு அமர்வுக்கும் வந்து, மகனைக் கொன்றவர்கள் எதிரிலேயே உட்கார்ந்தார். இரண்டு, பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள். மூன்று, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வெளியிட்ட கண்காணிப்புக் குழுவினர். பெரிய பத்திரிகைகள் எழுதாததை இந்தச் சின்னக் கூட்டம் எழுதியது. சிறுபத்திரிகை நடத்துகிற நமக்கு அவர்கள் உறவுக்காரர்கள்.

ப்சாரஸும் சாட்சியாக ஏறினார். இருபது வருஷத்துக்கு மேல் அவர் சேர்த்துவைத்த தாள்கள் அப்போதுதான் ஆயுதமாயின. இதைக் கவனிக்கவேண்டும். எழுதியது மட்டும் போதவில்லை. 1990இலிருந்து எழுதினார், ஒன்றும் நடக்கவில்லை. மீனவர்கள் வந்து சொன்னபோது, தாய் வந்து உட்கார்ந்தபோது, தெருவில் ஜனம் நின்றபோது, அந்த எழுத்துக்குப் பல் முளைத்தது. அதேபோல் அந்த எழுத்து இல்லாமல் போயிருந்தால் எதிரிகளின் வக்கீல்கள், 'நாங்கள் தேசபக்தர்கள், நாஜி இல்லை, ஏதோ சில பையன்கள் கைமீறிவிட்டார்கள்' என்று சுலபமாகக் கழன்றிருப்பார்கள். பத்திரிகையாளர் ரட்சகர் இல்லை. அடிபட்ட சனங்களும் வெறும் செய்திப்பொருள் இல்லை. இருவரும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சிகள்.

அரசு வழக்கறிஞர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 2019 டிசம்பரில், தலைமை உத்தரவிட்டதற்கு ஆதாரமில்லை, குற்றக் கும்பல் நடத்தியதாகச் சொல்லும் குற்றச்சாட்டிலிருந்து தலைவர்களை விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தார். அரசின் வழக்கறிஞர்! 'அவர்கள் நிரபராதிகள் அல்ல' என்ற முழக்கம் ஊரெங்கும் சுவரேறியது. 2020 அக்டோபர் 7 அன்று நீதிமன்றத்துக்கு வெளியே ஆயிரமாயிரம் பேர் நின்றார்கள். பொன் விடியல் ஒரு குற்றக் கும்பல் என்று தீர்ப்பு வந்தது. குத்தினவனுக்கு ஆயுள். மிகாலோலியாகோசுக்கு 13 வருஷம் 6 மாதம் சிறை. மீனவர்களைத் தாக்கியவர்கள் கொலை முயற்சிக் குற்றவாளிகள். மாக்தா வெளியே வந்து கைகளை உயர்த்தி மகன் பெயரைச் சொல்லி முழங்கினார். சந்தோஷப்பட்ட கூட்டத்தின்மேல் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. அதுதான் அரசு கொடுத்த வாழ்த்து.

தீர்ப்போடு முடிந்ததா?

முடியவில்லை. அந்தப் பெரிய வழக்கில் தனித்தனியாக விசாரித்த தாக்குதல்கள் மூன்று. பாவ்லோஸ், மீனவர்கள், தொழிற்சங்கத்தார். லுக்மான் கொலை அந்த மூன்றில் ஒன்றாக இல்லை.

2023 ஜூன் தேர்தலில், சிறைக்குள்ளிருந்த பொன் விடியலின் முன்னாள் எம்.பி. ஒருவன் ஆதரவு கொடுத்த வேறொரு கட்சி 12 இடங்கள் பிடித்தது. பெயர்ப்பலகை மாறியது, கடை அதேதான். அந்தத் தேர்தலுக்குப் பதினோரு நாள் முன்பு, ஜூன் 14 அன்று, பைலோஸ் கடற்பகுதியில் ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. எழுநூறு பேர் வரை அதில் இருந்ததாகச் சொல்கிறார்கள். பிழைத்தவர்கள் 104 பேர். கிடைத்த உடல்கள் 82. பாகிஸ்தானியர், எகிப்தியர், சிரியர். லுக்மானின் நாட்டார், பெராமா மீனவர்களின் நாட்டார். முதலில் கூண்டில் ஏற்றியது யாரைத் தெரியுமா? பிழைத்து வந்தவர்களிலேயே ஒன்பது எகிப்தியர்களை. 2024 மே மாதம் நீதிமன்றம் அவர்களை விடவேண்டியதாயிற்று.

நாஜிக் கட்சி சிறைக்குப் போகலாம். அது பூட்டிய ஊஞ்சல் கதவின் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சீருடை போட்டவன் வைத்திருக்கிறான். கோட்டுப் போட்டவன் வைத்திருக்கிறான். 'தகராறு' என்று எழுதுகிறவன் வைத்திருக்கிறான்.

மாணவத் தோழர்களே, பத்திரிகைக்குப் போகப்போகிறவர்களே, உங்களுக்குத்தான் கடைசியாக ஒன்று. அடித்தவன் சொன்ன காரணத்தைத் தலைப்பாக்காதீர்கள். அவன் அச்சடித்ததை எடுத்துவைத்துப் படியுங்கள், பத்து வருஷம் கழித்து வேலைக்கு ஆகும். முதல் பிணத்தையே எண்ணுங்கள், முப்பத்திரண்டு சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடிபட்டவர் வீட்டுக்கு ஒருநாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். அவர் சாட்சி சொல்லப் போகிற நாளில் நீதிமன்ற பெஞ்சில் பக்கத்தில் உட்காருங்கள். அந்த பெஞ்ச் எப்பவும் காலியாகத்தான் கிடக்கிறது.

லுக்மானுக்கு நடந்தது தகராறு இல்லை. அதைச் சொல்ல அடுத்த பிணம் எதுக்கு?